கால் குறைந்த சிலுவை

21 செப்டம்பர் 1931, ஆண்டு IX

காலையிலிருந்து மழை. இரண்டு சாவு நோட்டீஸ்: ஒன்று செருப்புக் கடைக்காரருக்கு, ஒன்று நோட்டரியின் அத்தைக்கு. இந்த ஊரில் யார் போனாலும் சுவரில் ஏறுவது என் அச்சகத்துச் சிலுவைதான். பேரிக்காய் மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டை, நாலு முனையிலும் பூ வைத்தது. மார்ச்சில் என் புருஷன் ஆல்வாரோவுக்கும் அதுதான். அவர் நோட்டீஸுக்கு நானே மை தடவினேன்.

ஒரு விஷயத்தை இங்கே மட்டும்தான் எழுத முடியும். மேலே தேதிக்குப் பக்கத்தில் IX என்று போட்டிருக்கிறேனே, அது எப்படி ஒன்பது ஆகிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது நாட்டை ஆளுகிற கறுப்புச் சட்டைக் கட்சிக்காரர்கள் ரோமுக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணுகிற ஆண்டு அது. எல்லாக் காகிதத்திலும் போடச் சொல்கிறார்கள். போன அக்டோபரில் ஆல்வாரோ அந்த வரியை அச்செழுத்தில் கோத்து நூலால் கட்டி வைத்தார். நான் எடுக்கிறேன், அச்சடிக்கிறேன், திரும்ப வைக்கிறேன். பிழைப்பு ஓடுகிறது.

1 அக்டோபர், ஆண்டு IX

கட்சிச் செயலாளர் தர்க்கீனி வந்தார். இருபத்தெட்டாம் தேதி, ரோமுக்குள் நுழைந்த நாள் விழாவுக்குச் சுவரொட்டி வேண்டுமாம்.

"மேல 'ஒன்பதாவது ஆண்டு விழா'. அடியில 'பத்தாவது ஆண்டு'. ரெண்டும் ரோமன் எண்ணுல, இருக்கிறதுலயே பெரிய எழுத்துல. தப்பு வந்துச்சுன்னா லைசென்ஸை மறந்துடும்மா."

ஒரே நாள் எப்படி ஒன்பதும் பத்துமாக இருக்கும்? அவர் போனதும் பிரஸ் ஓட்டும் என் கொழுந்தன் நாசரேனோவைக் கேட்டேன்.

"அவங்க சொன்னா அன்னைக்குப் பன்னெண்டும் வரும் அண்ணி. பேசாம அடிங்க."

2 அக்டோபர், ஆண்டு VIIII

கோயில் கோபுரத்துக் கடிகாரத்தில் நாலுக்கு நாலு கோடு இருக்கிறது. அப்படியென்றால் ஒன்பதுக்கு ஐந்தும் நாலு கோடும்தானே? மேலே எழுதிப் பார்த்தேன். வேலி மாதிரி இருக்கிறது. ஆல்வாரோ இப்படிக் கோக்கவில்லை. அவர் தப்பா, கடிகாரம் தப்பா?

6 அக்டோபர், ஆண்டு IX

வெட்கத்தை விட்டு டீச்சர் அடல்ஜீசா வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"X-ன்னா பத்து. அதுக்கு முன்னால ஒரு கோடு நின்னா ஒண்ணு கழியும். பின்னால நின்னா ஒண்ணு கூடும். அவ்வளவுதான்டி."

"அப்ப கடிகாரத்துல நாலுக்கு ஏன் நாலு கோடு?"

"கடிகாரம் வேற."

"ஏன் வேற?"

"வேறன்னா வேற. விடேன்!"

ஒன்பதும் பத்தும் ஒரே நாளில் வருவதையும் கேட்டேன். "குழந்தைக்கு ஒம்பது வயசு முடியுற அன்னைக்கே பத்தாவது ஆரம்பிக்குதா இல்லையா?" என்றாள். ஆரம்பிக்கிறது. அவள் வீட்டு வாசல் வரைக்கும் புரிந்தது. அச்சகத்துக்கு வந்ததும் மறுபடி கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அச்செழுத்து எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதானே. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒன்பது. அந்தப் பக்கம் போய் நின்றால் XI, பதினொன்று! நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

13 அக்டோபர், ஆண்டு IX

பழகுகிறேன். ரொட்டி சுற்றி வந்த தாள் பூராவும் எண்கள். ஐம்பதுக்கு L. என் வயது XLVI. இதற்கு மட்டும் நாலு தடவை அடித்து எழுதினேன். ஆல்வாரோவின் வயது LII. ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. அது இனி மாறாது. பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

19 அக்டோபர், ஆண்டு IX

கடவுளே, பெரிய மர எழுத்தில் X ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது! நம் இத்தாலிய பாஷையில் அந்த எழுத்துக்கு ஏது வேலை, யார் இரண்டு வாங்கி வைப்பார்கள்? சுவரொட்டிக்கு இரண்டு வேண்டும். ரோமிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். சின்ன எழுத்தில் போட்டால் செயலாளர் விடமாட்டார்.

நாசரேனோ சிலுவையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். "இந்தாங்க அண்ணி, உங்க பத்து."

"கால் நீளமா இருக்கேடா."

"அரம் எதுக்கு இருக்கு?"

அது ஆல்வாரோவுக்குப் போட்ட சிலுவை. மாட்டேன் என்றேன். பிறகு லைசென்ஸை நினைத்தேன். நானே ராவினேன், அவனிடம் கொடுக்கவில்லை. காலில் ஒரு விரல் நீளம் தூளாகப் போயிற்று. அடியில் இருந்த பூவும் போயிற்று. மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் X-தான். X-தானே?

28 அக்டோபர் 1931, ஆண்டு X

எண்ணில் பிழை இல்லை. முதலிலேயே எழுதி வைக்கிறேன். மேலே IX, கீழே X. இரண்டும் சரி.

விடிந்ததும் ஒட்டினார்கள். எட்டு மணிக்கு ரொட்டிக்கடை ரோசால்பா கூடையோடு போனவள் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்! பின்னால் வந்த இரண்டு கிழவிகளும் போட்டுக்கொண்டார்கள்.

"யாருடி செத்தது?" என்றாள் ஒரு கிழவி.

"யாரும் இல்லக்கா. வருஷம்தான் பொறந்திருக்கு" என்றாள் படித்துப் பார்த்த ரோசால்பா.

"பொறந்ததுக்கா சாவு நோட்டீஸ்?"

சதுக்கம் பூராவும் சிரிப்பு. இத்தனை வருஷமாக ஊரே பார்த்த சிலுவை. சாய்த்து வைத்தால் தெரியாமல் போய்விடுமா? எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஏன்?

மத்தியானம் தர்க்கீனி இரண்டு காவலர்களோடு வந்தார்.

"ஐயா, நான் கேலி பண்ணல. எழுத்து பத்தல. எண்ணு சரியா இருக்கான்னு நீங்களே பாருங்க."

பார்த்தார். விரல் விட்டுக்கூட எண்ணினார். "எண்ணு சரியாத்தான்மா இருக்கு. ஊர் சிரிக்குதே!" என்றார். அச்சகக் கதவில் அரக்கு முத்திரை வைத்துச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்.

3 நவம்பர், ஆண்டு X

IV, IX, XL, XC. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாருக்காக?

9 டிசம்பர், ஆண்டு X

நாசரேனோ விறகு பிளக்கப் போகிறான். நான் ரோசால்பா கடையில் மாவு சலிக்கிறேன். செத்தவர்கள் பெயரைக் கையால் எழுதி ஒட்டுகிறார்கள். மழை வந்தால் பெயர் அழிந்துவிடுகிறது. நான் செய்த தப்பு என்ன என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தெரியாததைக் கற்றுக்கொண்டதா?

14 ஜனவரி 1932, ஆண்டு X

தர்க்கீனியின் அம்மா செத்துப்போனாள். எண்பத்தொரு வயது. விட்டெர்போ போகும் பாதையில் பனி மூடிக் கிடக்கிறது. வேறு அச்சகத்துக்குப் போக வழியில்லை.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் சமையலறை வாசலில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. "வாம்மா" என்றார், அவ்வளவுதான். முத்திரையை அவரே உடைத்தார்.

பெயரைக் கோத்தேன். சிலுவையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"வேற சிலுவை இல்லையா?"

"இருந்தது ஒண்ணுதான் ஐயா. என் வீட்டுக்காரருக்குப் போட்டதும் இதுதான்."

அரம் பட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இதையே போடு" என்றார்.

தேதியைக் கோத்தேன். பிறகு, பழகின கை, 'ஆண்டு X' வரிக்குப் போயிற்று. தர்க்கீனி என் மணிக்கட்டின் மேல் விரலை வைத்தார்.

"அது வேணாம்."

"ஐயா, போடலன்னா—"

"எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. சாதாரண வருஷம் போதும்."

15 ஜனவரி 1932

நோட்டீஸ் சுவரில் ஏறிவிட்டது. கால் குறைந்த சிலுவையை ஊரே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ரோசால்பா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அச்சகம்தான் திறந்துவிட்டதே, மாவு சலிக்க இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சாவி நேற்றிலிருந்து பிரஸ் மேல்தான் கிடக்கிறது. தர்க்கீனி திரும்பக் கேட்கவில்லை. நாசரேனோ உருளையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

மேலே தேதிக்குப் பக்கத்தில் எண் போடாமல் விட்டிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். இருக்கட்டும்.