ஜீரோ பார்க்காத ஒரு நாள்

உன் மகன் நேற்று நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஒரு பெட்டியைக் கொடுத்தான். "வாப்பா கண்ண மூடுறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாங்க" என்றான். திறந்ததும் மெஷின் ஆயில் வாசனை. உள்ளே உன் மைக்ரோமீட்டர். பார்த்ததுமே எனக்குப் பழைய சந்தேகம் கிளம்பிவிட்டது. சந்தேகப்படப் பழக்கியவனே நீதானே.

ஐ.டி.ஐ. முடித்து நாம் இருவரும் தஞ்சாவூர்ப் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பழகிய காலம். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்டுகளை அளந்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். நான் சாமானைக் கையில் எடுத்ததுமே அளப்பேன். நீயோ முதலில் மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களுக்கும் நடுவே வெள்ளைத் தாளை விட்டு இழுத்துத் துடைப்பாய். பிறகு வெறுமனே மூடி, கோடு ஜீரோவில் நிற்கிறதா என்று பார்ப்பாய். நிற்காவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்; இல்லையென்றால் அளப்பதெல்லாம் தப்பு. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் பார்ப்பாய். "நான் இல்லாதப்ப யாராச்சும் கீழ போட்டிருப்பான்டா மாப்ள" என்பாய். அந்த யாரோ நான்தான் என்று எனக்குத் தெரியாதா?

பட்டறையோடு விட்டாயா? மளிகைக் கடைகளில் வெறும் தராசைக் காட்டச் சொல்வாய். உன் வாப்பா கடைத் தராசையும் சோதித்து, அவரிடம் அடி வாங்காத குறை.

அப்போதுதான் ஏஜென்ட் வந்தார். ஷார்ஜாவில் ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டும், டிரேட் டெஸ்டில் தேறுபவருக்கு விசா என்றார். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் எங்கள் குறுவை கருகிவிட்டது. குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவுக்கு வந்திருந்தார். டெஸ்டுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் அதைச் சொல்லி உன்னிடம் அழுதேன். உனக்கும் போகத்தான் ஆசை. பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் காலம் தள்ள முடியாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்.

டெஸ்டில் முதலில் நான். உன் பழக்கம் தொற்றியிருந்ததால் மூடிப் பார்த்தேன். கோடு தள்ளி நின்றது. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். கழித்து எழுதினேன். அடுத்து நீ. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாளும் இல்லை, ஜீரோவும் இல்லை. ஷாஃப்டைப் பிடித்தாய், அளந்தாய், எழுதிவிட்டு எழுந்துவிட்டாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். "பதட்டத்துல மறந்துட்டேன்டா மாப்ள. நீ கெளம்புற வேலையப் பாரு."

ஷார்ஜாவில் இறங்கி வேலையில் சேரும்வரை வேறு மாதிரியும் சந்தேகப்பட்டேன். ஏஜென்ட் ஏமாற்றுக்காரன் என்று தெரிந்துகொண்டு என்னை முன்னால் தள்ளிவிட்டாயோ என்று. வேலை நல்ல வேலையாக இருந்தது. அந்தச் சந்தேகம் போனதும், வேண்டுமென்றேதான் மறந்தாயோ என்ற இந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. லீவில் வரும்போதெல்லாம் உன் கடைக்கு வந்து கேட்டேன். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அதே பதிலைச் சொன்னாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஒரு சொல் மாறாமல் அதையேதான் சொன்னாய். எதை அளந்தாலும் ஒரே ரீடிங் வந்தால் கருவி எங்கோ சிக்கியிருக்கிறது என்று பட்டறையில் சொன்னவன் நீதான்.

அப்பா அந்த நிலத்தை விடவில்லை. கடைசிவரை அதில்தான் நடவு நட்டார்.

உன் மைக்ரோமீட்டரில் துருவின் சுவடுகூட இல்லை. முகங்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கொஞ்சம் திறந்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறாய். மளிகைக் கடையில் இதை வைத்து எதை அளந்தாய்? தாளை விட்டுத் துடைத்து மெதுவாக மூடினேன். கோடு ஜீரோவில் அசையாமல் நிற்கிறது. நம்பாமல் திறந்து மறுபடி மூடினேன். அங்கேயேதான் நிற்கிறது.

அளக்க ஒன்றுமில்லாத இடத்தில் இத்தனை வருடம் ஜீரோவைச் சரிபார்த்தவன் அந்த ஒரு நாள் மட்டும் மறந்துவிட்டானாம். போடா. நீ மறந்ததாகச் சொல்லிவிட்டதால் நன்றி சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. உன்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான். சொல்லாத அந்த நன்றி இன்னும் என்னிடமே இருக்கிறது.