கலியாணக் கிடாரத்தில் பியர்

மார்ச் 3, திங்கள்
வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் தற்காலிகமாக இருக்கிறேன். பின்னறையில் முளைகட்டிய பார்லி நிறுத்துக் கட்டுவது என் வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனால்தான் பிடித்தது.

இன்று முதலாளி டெனிஸ் கூப்பிட்டாள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் நானே பார்லியிலிருந்து இருபது லீற்றர் பியர் காய்ச்சி, மாதக் கடைசிச் சனிக்கிழமை வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுத்து, எப்படிக் காய்ச்சினேன் என்று சொல்ல வேண்டுமாம்.

சொல்ல வேண்டுமாம்! வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொன்னதற்காகப் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்போது பத்தொன்பது வயது. இன்னும் பீட்சா ஓடர் பண்ணக்கூடப் பயம்.

மார்ச் 4
வீட்டில் பெரிய பானை பன்னிரண்டு லீற்றர். ஐந்து கிலோ பார்லியும் இருபத்தேழு லீற்றர் தண்ணீரும் அதற்குள் எங்கே போகும்? இரண்டு தரமாகக் காய்ச்சலாம் என்றால், அது ஆட்டிறைச்சிப் பானை. "வேலைக்கெண்டா காய்ச்சு. என்ரை கறிப்பானையைத் தொட்டியோ, தெரியும்" என்றா அம்மா.

மார்ச் 5
பக்கத்துத் தெரு சிவனேஸ்வரி அன்ரியிடம் கலியாணச் சமையல் அண்டா, பெரிய கிடாரம் இருக்கிறது. எங்கள் கிரெய்கிபர்னில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அதுதான் போகும். போய்க் கேட்டேன்.

"என்ன பிள்ளை, வீட்டிலை விசேஷமோ?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கனபேர் வருவினமோ?"

கடைசிச் சனிக்கிழமையை நினைத்து, "ஓம்" என்றேன்.

அன்ரி என் கன்னத்தைக் கிள்ளினா. ஏன்?

மார்ச் 6
தெரிந்துவிட்டது ஏன். எனக்குக் கலியாணம்! அம்மாவின் ஃபோன் காலையிலிருந்து அடிக்கிறது. மாப்பிள்ளை டார்னெய்ட் பக்கமாம், எஞ்சினியராம். அம்மாவே என்னிடம் வந்து, "யாரடி அவன்?" என்று கேட்டா. கிடாரத்தைக் காட்டினேன். அம்மா அதைத் தட்டிப் பார்த்தா.

"கலியாணமெண்டே இருக்கட்டும். பியரெண்டு தெரிஞ்சா பிறகு கலியாணமே நடக்காது."

மார்ச் 8, சனி
மறக்க முன் எழுதிவிடுகிறேன்.

கராஜில் காஸ் அடுப்பு, மேலே கிடாரம். அப்பாவின் பழைய வேட்டியைப் பையாகத் தைத்து, பார்லியைப் போட்டு, அறுபத்தாறு பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தேன். பிறகு பையைத் தூக்கி ஏணியில் கட்டினேன். மண்ணிறச் சாறு சொட்டிக்கொண்டிருந்தபோது சிவனேஸ்வரி அன்ரி, பின்னால் மூன்று அன்ரிமார், பலகாரத் தட்டோடு. கலியாண வேலைக்கு உதவ வந்தார்களாம்.

"இதென்ன, வேட்டி தொங்குது?"

"கஞ்சி" என்றா அம்மா.

அன்ரி அகப்பையால் அள்ளிக் குடித்துப் பார்த்தா. "இனிப்பு நல்லாயிருக்கு. ஏலக்காய் போடேல்லையே?" சொல்லும்போதே ஒரு பிடி விழுந்தது. இன்னொரு அன்ரி குசினிக்குள் போய், நெய்யில் கயூப் பருப்புப் பொரித்துக்கொண்டு வந்தா. சட்டியைச் சரித்தா—

"நெய் போட்டா நுரை நிக்காது!"

கத்தியது நான்தான்.

"நுரையோ? கஞ்சிக்கோ?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பார்லியின் மா எப்படிச் சீனியாகிறது, ஹொப்ஸ் பூ ஏன் கசக்க வேண்டும், ஈஸ்ட் அந்தச் சீனியை என்ன செய்கிறது, எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம். அன்ரிமார் தட்டைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"அப்ப மாப்பிள்ளை?"

"இல்லை அன்ரி. பியர்தான்."

சிவனேஸ்வரி அன்ரி கதிரையில் இருந்துவிட்டா. "கோயில் பொங்கலுக்குப் போற கிடாரமெல்லோ! இனி அது கோயில் படி ஏறாது. நீயே வைச்சிரு."

போகும்போது திரும்பி, "எப்ப முடியும்?" என்று கேட்டா.

மார்ச் 13
அன்ரிமார் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. கிடாரத்தின் மானம் போய்விடுமே. ஊர்க்கதையில் என் கலியாணம் குழம்பிவிட்டதாம். ஆறுதலுக்கு மூன்று வீட்டிலிருந்து இடியப்பம் வந்தது. நல்ல சொதி.

மார்ச் 29, சனி
கடை நிறைய நாற்பது தாடிக்காரர். முதலில் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து வாசித்தேன். பிறகு ஒருவர், ஏலக்காய் எதற்கு என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன். பீப்பாய் காலியான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. டெனிஸ் தோளில் தட்டி நிறுத்தினாள்.

ஏப்ரல் 7, திங்கள்
வேலை நிரந்தரம்; இன்றிலிருந்து முன்பக்கக் கவுண்டர். பதினொரு பேர் வந்தார்கள். தொண்டை நோகிறது.