ஸ்டாண்டுக்குப் பத்தாத கத்தி

இந்த ஸ்கேலைக் கையில் எடுக்கவே இன்றைக்குக் கூசுகிறது. இருபத்தாறு வருடமாக என் சட்டைப் பையில் இருப்பது. எண்கள் பாதி அழிந்து, ஓரம் என் கட்டைவிரலுக்கென்றே தேய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கிறது. உன்னைத்தான், வேறு யாரை?

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை. காலையில் கம்பெனி எதிரே டீக்கடையில் "வெறும் வயித்துல டீ குடிக்காத நைனா, ஒரு பன்னாவது துண்ணு" என்று எனக்குப் புத்தி சொன்னவன், மதியம் கிரைண்டிங் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாய். ஓடிவந்து தூக்கினேன். உன் கை சூடாகத்தான் இருந்தது. இதற்கு மேல் ஓர் அதிர்ச்சி எனக்கு வரப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் மனசு அடங்கும். நான் பேட்டர்ன் ஷாப்காரன். இரும்பில் வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்து கொடுப்பவன். நீ டூல் ரூமில் கருவிகளைச் சாணை பிடிக்கும் கிரைண்டர். தேய்ந்துபோன ரம்பப் பிளேடுகளை அனுமதி வாங்கி உன் ஊரான ஆரணிக்கு எடுத்துப்போய், வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து கத்தி செய்வாய். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. நண்டு ஓடு பிளக்க ஒன்று, கொடுவா மீன் வயிற்றைப்போல் அலகு வளைந்த ஒன்று. அத்தனையும் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். "ஊட்டுல பத்து கத்தி கீது, வெங்காயம் அரிய ஒண்ணு கெடையாது" என்று உன் மனைவி பரிமளா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் கத்திகள் படுப்பதற்கு ஸ்டாண்டு செய்யும் வேலை எனக்கு. பேட்டர்னில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்வேன். ஒரு பலகை, அதன்மேல் இரண்டு கட்டை. ஒரு கட்டையின் குழியில் பிடியின் அடி உட்காரும், எதிர்க்கட்டையின் குழியில் முனை போய் முட்டும். அளவு சரியாக இருந்தால் கத்தி அசையாது. கத்தியை மட்டும் நீ கம்பெனிக்கு எடுத்துவந்து காட்ட முடியாது. "கேட்டாண்ட கத்தியோட வந்தன்னா செக்யூரிட்டி போலீசுக்குப் போன் போட்டுருவான்" என்பாய். சிகரெட் அட்டையின் உட்புறத்தில் நீளத்தை எழுதிக் கொடுப்பாய். நான் செய்து கொடுத்த ஸ்டாண்டு உன் சாப்பாட்டுப் பையில் ஊருக்குப் போகும். அடுத்த வாரம் கேட்டால் உன்னிடம் ஒரே பதில்தான். "சூப்பரு நைனா. ஆடவே இல்ல."

ஒன்பது முறை அதையே சொன்னாய். பாவி.

பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது அலமாரி முன்னால் நின்று ரசித்தேனே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு கத்தியிலும் பிடிக்கும் அலகுக்கும் நடுவே ஒரு பித்தளை மோதிரம். "இன்னாப்பா இது, புதுசா கீது?" என்றேன். "சும்மா, அழகுக்கு" என்றாய். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பத்தாவது கத்தியின் அட்டையை நீ கொடுத்தது, போவதற்கு முந்தின நாள். நீளம் முந்நூறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு மாதமாக அதைத் தொட மனம் வரவில்லை. போன வாரம்தான் செய்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு ஆரணிக்கு வந்தேன். பரிமளா உள்ளேயிருந்து கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஸ்டாண்டில் வைத்தேன்.

டொக்.

தொட்டால் முன்னால் போகிறது, விட்டால் பின்னால் வருகிறது. எனக்குப் பகீரென்றது. நான் செய்ததா ஆடுகிறது? உன் டூல் பாக்ஸிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். கத்தி முந்நூறு. ஸ்டாண்டு முந்நூற்று மூன்று.

என் பையிலிருந்த ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்த பிறகுதான் உறைத்தது. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு மறந்துபோகாமல் இருக்க எங்கள் ஸ்கேலையே நூற்றுக்கு ஒன்று நீட்டிச் செய்திருப்பார்கள். அதில் முந்நூறு என்றால் உலகத்துக்கு முந்நூற்று மூன்று. அந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு, சுருங்கவே சுருங்காத கத்திக்கு ஸ்டாண்டு செய்திருக்கிறேன்! புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்ய மாட்டான். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை.

அப்படியென்றால் அந்த ஒன்பதும்? அலமாரியைத் திறந்தேன். இருநூறு மில்லிக் கத்தியில் மோதிரம் இரண்டு மில்லி. நானூறு மில்லிக் கத்தியில் நான்கு. ஒவ்வொன்றாக அளந்தேன். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு ஒன்றில்கூடப் பிசகவில்லை.

"உங்க ஸ்டாண்டு வந்தாலே ரெண்டு நாளு பேஜாருதாண்ணா" என்றாள் பரிமளா. "நல்லா இருக்கிற கத்திய பிரிச்சிப் போட்டுக்கினு குந்திக்குவாரு. இன்னாத்துக்குய்யானு கேட்டா, ஸ்டாண்டுக்குக் கத்தி பத்தலம்மானு சொல்லுவாரு."

ஸ்டாண்டுக்குக் கத்தி பத்தலையாம். கேட்டாயா அநியாயத்தை!

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"நானும் கேட்டேண்ணா. அவனாண்ட தப்புனு சொன்னா அப்பால பேசவே மாட்டான், எனக்கு ஸ்டாண்டு முக்கியமா, அவன் முக்கியமானு கேட்டாரு. இந்த பத்தாவதுல எப்படியாவது சொல்லிடறேன்னாரு."

கோபப்படக்கூட வழியில்லை. அளவு சரிபார்க்கும் குவாலிட்டிக்காரர் ஒரு முறை குறை சொன்னதற்கு, செய்த பேட்டர்னைத் தூக்கித் தரையில் அடித்தவன்தானே நான்? சிதறிய துண்டுகளைக் குனிந்து பொறுக்கியவன் நீ. அவரோடு ஒரு வருடம் நான் முகம் கொடுத்துப் பேசாததையும் பார்த்தவன். அதற்குப் பயந்து ஒன்பது கத்தியைப் பிரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறாய்.

நேற்று மதியம் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பத்தாவது ஸ்டாண்டைத் திரும்பச் செய்தேன். சாயங்காலம் அதை ஆரணிக்கு எடுத்துப்போனேன், பரிமளா கத்தியை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. மற்ற ஒன்பதையும் மாற்றித் தருகிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை. "அவுரு அம்மாம் பாடுபட்டுப் போட்ட மோதிரம்ணா. இருக்கட்டும்" என்றாள்.

இன்று காலை குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, இந்த எடத்துல ரெண்டு மில்லி ஜாஸ்தியா கீது" என்றாள். வழக்கம்போல் காது சூடேறியது. ஷாப்பில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள். பையில் இந்த ஸ்கேல் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எங்கம்மா, காட்டு" என்றேன்.

இந்த ஒரு சொல்லை என் வாயிலிருந்து கேட்க நீ பத்து கத்தி வரைக்கும் காத்திருந்தாய், நைனா.