ஏழு வளையலுக்கு ஒரு கையெழுத்து

நிதால்,

மக்லூபா சோறு அடுப்பின் மேல் இருக்கிறது, தயிர் ஃபிரிட்ஜில். காலையில் கேஸ் வண்டி வரும், காலி சிலிண்டரை வாசலில் எடுத்து வையுங்கள்.

நீங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க இன்று பஸ் பிடித்து ஸர்கா வரை வந்தேன். பெண்களுக்குப் பணம் கையாளும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை, கண்ணாடி இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, புருஷன் கேட்டதும், கல்யாணத்துல அவன்கிட்டருந்து மஹரா வந்த ஏழு தங்க வளையலையும் கழட்டிக் குடுத்துட்டா. ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கல. அப்படி ஏமாளியா இருக்காதீங்கம்மா!" என்றீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவள், "அவ புருஷன் எப்பேர்ப்பட்ட ஆளோ!" என்று என் தோளில் தட்டினாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வளையல்களை விற்றுத்தானே நீங்கள் இந்த வேலைக்கே படித்தீர்கள்? அதை ஏன் அவர்களிடம் சொல்லவில்லை? நான் உங்களை நம்பினேன், நிதால். உங்கள் பாடத்தில் அதற்கு ஏமாளித்தனம் என்று பெயர் என்பது இன்றுதான் தெரிந்தது.

உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. ஏழு வளையல், எடை, விற்ற தேதி, யாருக்காக விற்றது, எல்லாம் எழுதிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அதுவரை அக்கா வீட்டில் இருப்பேன்.

ருதைனா

மறந்துவிட்டேன்: கண்ணாடியை இந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்டு, தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள். "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று நீங்கள் சொன்னபோதும் நான் அங்கேதான் இருந்தேன்.