மூன்றாவது டைல்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரை இன்றும் சொட்டியது. பகலெல்லாம் பம்பு தொழிற்சாலையில் எனக்கு வேலையே கசிவு பிடிப்பதுதான். பம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றை ஏற்றுவேன். ஒரு குமிழி வந்தாலும் கழித்துக்கட்டிவிடுவேன். தொழிற்சாலையில் என் பட்டப்பெயரே 'குமிழி'. வீட்டுக்கு வந்தால் அம்மா தலைமாட்டில் குடையைக் கட்டி வைத்துப் படுத்திருக்கிறாள்.

மாடிக்குப் போனேன். மேல் வீட்டு ஆன்ட்டி குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு வீட்டுக்குறிப்பு போடுகிறவர். அவர் குளியலறையில் தண்ணீர் வெளியேறும் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மேலே உள்ள டைல்ஸைப் பெயர்த்து இணைப்பை மாற்றினால் அரை நாள் வேலை. செலவு என்னுடையது என்றும் சொன்னேன்.

"போன வருஷந்தாம்ப்பா டைல்ஸ் போட்டேன். அதுல கையே வைக்கக் கூடாது. ஒரு டிப்ஸ் அனுப்புறேன், செஞ்சு பாரு."

வந்தது: சொட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் சத்தமில்லாமல் நூல் வழியாக வாளிக்குள் இறங்கிவிடும்.

இருமலுக்கு மருந்து கேட்டால் பக்கத்து அறைக்காரனுக்குக் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுக்கிற வைத்தியம்.

மார்ச் 4, புதன்

அம்மா நூல் கட்டச் சொன்னாள். கட்டினேன். சத்தமில்லாமல் இறங்குகிறது. பரப்பு இழுவிசை. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் வெளியூரிலிருந்து பேசினான். ஈரத்தில் அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகியிருப்பது போனிலேயே அவனுக்குக் கேட்டுவிட்டது.

"ரெண்டு வாரம் பாப்பேன். சொட்டுறது நிக்கலன்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுவேன். அண்ணி ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கா."

"தாராளமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கென்ன, நிம்மதி. 'சாப்ட்டியா, சாப்ட்டியா' என்று கேட்க ஆள் இருக்காது. வீடு அமைதியாக இருக்கும் — எவனுக்கு வேண்டும் அந்த அமைதி.

அம்மாவிடம் போக இஷ்டமா என்று கேட்டேன்.

"பெரியவன் கூப்பிட்டா எப்படிடா மாட்டேன்னு சொல்றது?"

இது பதிலா? சோதனை அறிக்கையில் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் முகத்தில் விட்டெறிவேன்.

மார்ச் 8, ஞாயிறு

இணைப்பு எங்கே விட்டிருக்கிறது, தண்ணீர் எப்படி இறங்குகிறது, எல்லாவற்றையும் படம் வரைந்து ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். "அழகா வரைஞ்சிருக்கியே" என்று தன் தங்கைக்கு அதை அனுப்பினார். பிறகு எனக்கு ஒரு டிப்ஸ்: கூரையில் ஈரக்கறையா? பற்பசை தடவிப் பழைய பிரஷால் தேயுங்கள்.

அம்மா விடவில்லை. பொறியியல் பட்டம் வாங்கியவன் ஏணியில் ஏறிக் கூரைக்குப் பல் தேய்த்துவிட்டேன்.

சங்கச் செயலாளரிடம் புகார் சொன்னேன். "நீங்க சொல்றது நியாயந்தான் தம்பி. ஆனா கல்லுப்பு போட்டு அரைச்சா மிக்ஸி பிளேடு கூராகும்னு அந்தம்மாதான் சொன்னாங்க. என் மனைவி இப்ப என்னைத் திட்டுறதே கொறைஞ்சிடுச்சு."

இந்தக் கட்டடத்தில் காரணம் சொன்னால் ஒரு ஆள் அசைய மாட்டான். டிப்ஸ் என்று சொன்னால் ஓடுகிறார்கள்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

தயார்.

"கரப்பான் தொல்லையா? இனி கவலை வேண்டாம்! குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து சுவர்ப் பக்கமாக மூன்றாவது டைல்ஸைப் பெயர்த்தெடுங்கள். அடியிலுள்ள குழாய் இணைப்பைப் புதிதாக மாற்றுங்கள். ஒரு நாள் காற்றாட விடுங்கள். கரப்பான் திரும்பியே பார்க்காது. பலருக்கும் பகிருங்கள்."

ஆன்ட்டி வீட்டில் விட்டுப்போன இணைப்பு சரியாக மூன்றாவது டைல்ஸின் கீழே.

அலுவலக போனுக்கும் என் போனுக்குமாக இதை மாற்றி மாற்றி அனுப்பினேன், பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி விழும்வரை. அது விழுந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள். பிறகு, 'யாரோ அனுப்பினாங்க, உண்மையான்னு தெரியல' என்று ஆன்ட்டிக்குத் தள்ளிவிட்டேன்.

பதில் உடனே வந்தது: 'ரொம்ப உபயோகம்ப்பா. உனக்கும் இப்பதான் புத்தி வருது.'

மார்ச் 11, புதன்

மேலே சுத்தியல் சத்தம். இவ்வளவு இனிமையாக எதையும் கேட்டதில்லை.

மார்ச் 13, வெள்ளி

நூல் காய்ந்துவிட்டது. கொத்தனாரைப் படிக்கட்டில் பார்த்தேன்.

"இணைப்பு மொத்தமா விட்டுப் போயிருந்துது சார். நல்லவேள, கரப்பானுக்காக ஒடைச்சாங்க."

மார்ச் 15, ஞாயிறு

ஆன்ட்டி அதைக் குழுவில் போட்டுவிட்டார், 'என் சொந்த அனுபவம்' என்று. காலையிலிருந்து கட்டடம் முழுக்க இடிக்கிறார்கள். எதிர் வீடு. கீழ் வீடு. செயலாளர் வீடு. வாடகைக்கு இருக்கும் ஒருவர் உடைக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டாராம். அவர் தன் வீட்டிலேயே உடைத்துக்கொண்டிருந்தாராம். கொத்தனார் டோக்கன் கொடுக்கிறார்.

இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, நல்ல டைல்ஸை உடைக்காதீர்கள் என்று குழுவில் எழுதினேன்.

'எங்க வீட்ல இப்ப ஒரு கரப்பான்கூட இல்ல தம்பி' என்றது மூன்றாம் மாடி.

'இந்த இடி இடிச்சா கரப்பான் எப்படி இருக்கும்? நானே எங்கயாவது ஓடிடலாமான்னு பாக்கிறேன்' என்றேன்.

செயலாளர் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

என் மேலதிகாரி எனக்கே அதை அனுப்பியிருக்கிறார். இப்போது நான்காவது டைல்ஸும் சேர்ந்திருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

காய்ந்த கூரையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"இன்னிக்கு நின்னுது, நாளைக்கு வேற எடத்துல ஒழுகும். இவ்ளோ தூரம் ஏற்பாடு பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன்."

எங்கள் குடும்பத்தில் ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் யாருக்கும் ரிவர்ஸ் கியர் கிடையாது.

'அம்மா இங்கயே இருக்கட்டும்.' டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன். கரப்பானைப் பற்றி மட்டும் மடைதிறந்த மாதிரி எழுத வருகிறது.

அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு திரும்பினால் எங்கள் குளியலறையில் சத்தம். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் சுத்தியல். தரையில் பாதி டைல்ஸ் பெயர்ந்து கிடக்கிறது.

"என்னம்மா பண்ற?"

"மூணாவது எதுன்னு தெரியலடா. அதான் எல்லாத்தையும் ஒரு தட்டு தட்டினேன்."

"நம்ம வீட்ல கரப்பானே கிடையாதே."

"வராம இருக்கணும்ல?"

குழாயைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தரைதான் போர்க்களம். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். எட்டிப் பார்த்தான்.

"சரி கெளம்பும்மா. இத இவன் பாத்துப்பான்."

"நல்லாருக்கே. ஒடைச்சுப் போட்டுட்டு இவன் தலையில கட்டிட்டு வர்றதா? இவன் வாய்க்கு கொத்தனார் ஒரு மணி நேரம் நிப்பாரா? வேலை முடியட்டும், வரேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "எப்படா முடியும்?"

அரை நாள் வேலை.

"சொல்ல முடியாது" என்றேன். "கொத்தனாருக்கு ஊர்ப்பட்ட வேலை."

சாப்பிட்டுவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பிப் போனான். முக்காலியைத் துடைத்து வைத்தேன். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தை.

மார்ச் 28, சனி

கொத்தனாரே போன் செய்தார். நாளைக்குக் காலியாக இருக்கிறாராம், டைல்ஸ் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னார். கடை வழியாகத்தான் வந்தேன். திறந்திருந்தது.

"டைல்ஸ் கெடச்சுதா?" என்றாள் அம்மா.

"அந்த டிசைன் இப்ப வர்றதில்லையாம்."

அம்மா பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.