அந்தப் பிளாஸ்டிக் கப்

14 நவம்பர் 2006, செவ்வாய்

கரும்புத் தோட்ட அடிமைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டுபேருமாச் சேர்ந்து கட்டுரை எழுத, மகள் தன்ர வகுப்பில படிக்கிற ஹெயிட்டி நாட்டுக் கறுப்பினச் சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்குக் கண்ணாடிக் கிளாசில ஜூஸ் குடுத்தன். மற்றதுக்கு, குடிச்சிட்டு எறியிற பிளாஸ்டிக் கப்பில. யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில வேலைக்கு நிண்ட தேயிலைத்தோட்டத்துப் பெட்டைக்கு அம்மா பழைய பால்மாத் தகரப் பேணியிலதான் தேத்தண்ணி குடுப்பா. அந்தப் பழக்கத்தில கை தன்ரபாட்டில செய்துபோட்டுது எண்டு எழுதத்தான் இருந்தனான். பொய். யோசிச்சுத்தான் எடுத்தனான்.

மகள் பார்த்தாள். சிநேகிதி போனபிறகு அந்தக் கப்பைக் கழுவி, தண்ணி நிரப்பி, என்ர சோத்துக்குப் பக்கத்தில கொண்டுவந்து வச்சாள்.

"குடியுங்கோ அம்மா."

நான் இன்னும் குடிக்கேல்லை. கப் மேசையிலதான் இருக்கு. தொண்டை காயுது.