உம்மாவின் மணிக்கட்டு

கட்டுகஸ்தோட்டை,
18-1-1937

அன்பு மகள் ருக்கியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வாப்பா துஆச் செய்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை, உன் உம்மா எழுத விட்டால்தானே.

உன் தங்கை பாயிஸாவுக்குப் பிள்ளை கிடைத்த நாள் முதல் அதைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் உம்மாதான், வேறு யாரும் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது, அதோடு வீட்டுக்கு இடியப்பம் பிழிவதும் அவளே. பெருவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தபோது டொக்டரிடம் போவோம் என்றேன், "ஒண்டுமில்ல, சுளுக்குத்தான்" என்று கலகெதரையிலிருந்து ஒருவரை வரவழைத்து எண்ணெய் போட்டு உருவச் சொன்னாள். அவர் உருவ உருவக் கை வீங்கியது, வீங்க வீங்க இவள் இன்னும் உருவச் சொன்னாள். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் நான் சத்தம் போட்டுத்தான் கண்டிக்கு பஸ் ஏற்றினேன். டொக்டர் பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சற்றுக் கீழே சாய்த்ததும், பிள்ளைப்பேற்றில்கூட அழாதவள் அழுதுவிட்டாள். இது சுளுக்கில்லை, விரலை இழுக்கும் தசைநார் உழைத்து உழைத்துத் தேய்ந்து, அது ஓடும் உறை தடித்து இறுகிவிட்டது, உருவினால் இன்னும் கெடும் என்று சொல்லி, சிறு பலகை வைத்துக் கட்டி, எதையும் தூக்கக் கூடாது, இதிலும் ஆறாவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்றார். திரும்பி வரும் பஸ் நம் ஊர்ப் பாலத்துக்கு வரும் முன்பே உம்மா கட்டை அவிழ்க்கிறாள். ஏன் என்று கேட்டால் "நோம்புக்கு மாவு பிழியிறது ஆரு" என்கிறாள். இடியப்ப உரலை அலுமாரிக்கு மேல் ஒளித்தேன், பாயிஸாவின் மாப்பிள்ளை ஷிராஸை ஏய்த்து அதையும் இறக்கிவிட்டாள்.

நோன்பு பாதி கழிந்த ஒரு நாள் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கும்போது பெருவிரல் பிடி விட்டுவிட்டது. ஈரப் பிள்ளை தலைகீழாக வழுக்க, பக்கத்தில் நின்ற பாயிஸா காலைப் பிடித்துக்கொண்டாள். கல்லில் தலை படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நோன்பு திறக்கக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை, "நாளைக்கே வெட்டச் சொல்லுங்க" என்றாள். இத்தனை மாதம் நான் கத்தியது ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை பார்.

கண்டியில் கை மரத்துப்போக ஊசி போட்டு, உறையைக் கீறித் திறந்தார்கள். விரலை அசைக்கச் சொன்னார் டொக்டர், தடங்கல் இல்லாமல் அசைந்தது. இவள் அவரையே "இவ்வளவுதானா, இதுக்கா அந்தப் பலகையக் கட்டினீங்க" என்று கேட்டாள். முதலிலேயே வந்து பலகையைக் கழற்றாமல் இருந்திருந்தால் வெட்டாமலே ஆறியிருக்கலாம் என்று அவர் சொன்னதும் இவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது காயம் ஆறிவிட்டது, உரல் பிழிவது பாயிஸா, பின்னால் நின்று குறை சொல்வது உம்மா. உனக்கும் கைப்பிள்ளை இருக்கிறது மகள், மணிக்கட்டு வலித்தால் யாரையும் உருவ விடாதே, மருமகனிடம் சொல்லி டொக்டரிடம் போ.

ஆனால் எனக்கு இப்போது வேறொரு தலைவலி. பிள்ளையைத் தூக்கலாம் என்று டொக்டர் சொல்லி ஒரு கிழமை ஆகிறது, இவள் தூக்க மாட்டேன் என்கிறாள். பாயிஸா மடியில் வைத்தால் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு "எடுங்க புள்ள, விழுந்திரும்" என்கிறாள். பிள்ளை இவளைப் பார்த்துப் பார்த்து அழுகிறது. தூக்காதே என்று கத்திய நானே இப்போது தூக்கு என்று கத்த வேண்டியிருக்கிறது. என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள், நீ எழுதினால் கேட்பாள். மறக்காமல் அடுத்த தபாலிலேயே எழுது, இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லாதே. அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் பரக்கத்தும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

உன் வாப்பா,
ஸெய்னுலாப்தீன்